படம் பத்திரமாக இருக்கிறது

நகல் எடுக்க வரும்போதெல்லாம் அவர் என்னைச் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கச் சொல்வார். பதினோரு வருடமாகச் செவ்வாய்க்கிழமை தவறாமல் இது நடந்தது. தாளை நெஞ்சோடு அணைத்தபடி கடைக்குள் வருவார், இயந்திரத்தின் மூடியைத் தானே தூக்குவார், தாளைக் கவிழ்த்து வைப்பார், "கொஞ்சம் அந்தப் பக்கம்" என்பார். நானும் திரும்பிக்கொள்வேன். என் கடையில், என் இயந்திரத்துக்கு முதுகைக் காட்டி, என் சுவரில் தொங்கும் நாள்காட்டியை முதல் தடவை பார்ப்பவள்போலப் பார்த்துக்கொண்டு நிற்பேன். விளக்கு ஒரு தரம் ஓடி நிற்கும். பிறகு அசலை எடுப்பார், நகலை எடுப்பார், மை சரியாகப் படாமல் வீணான தாள் ஏதாவது இருந்தால் குப்பைக்கூடையிலிருந்து அதையும் பொறுக்கி, நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைப்பார். கடைசியாக மூடியை இன்னொரு தரம் தூக்கி, கண்ணாடியில் படம் ஏதும் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று குனிந்து பார்ப்பார். கண்ணாடியில் அவர் முகம்தான் இருக்கும். அதைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுக் கிளம்புவார்.

இந்த இனத்துக்குப் பத்திரப்படுத்துவோர் என்று பெயர். எல்லா ஊரிலும் உண்டு. பழைய நாணயத்தைப் பத்திரப்படுத்துவோர், பழைய வரைபடத்தைப் பத்திரப்படுத்துவோர், ஓடாத கடிகாரத்தை ஓடாமலே பத்திரப்படுத்துவோர் என்று உட்பிரிவுகள் பல. எனக்கு வாய்த்தவர் பழைய கிட்டார் ஆம்ப்ளிஃபயர்களின் சர்க்யூட் படங்களைப் பத்திரப்படுத்துபவர்.

அது என்ன படம் என்று கேட்கிறீர்களா? கிட்டார் கம்பியின் முனகலை வாங்கி, அரங்கத்தின் கடைசி வரிசைவரை கொண்டுபோய்க் கொட்டுகிற பெட்டி ஒன்று உண்டல்லவா? அதற்குள் எந்தக் கம்பி எங்கிருந்து எங்கே போகிறது, எந்த இடத்தில் எத்தனை ஓம் ரெசிஸ்டர், எந்த மூலையில் எந்தக் கண்டென்சர் என்று காட்டுகிற ஒற்றைத் தாள்தான் அது. கண்ணாடி வால்வுகள் விளக்குப்போல எரிந்த காலத்துப் பெட்டிகள் இவை. செய்த பட்டறைகள் மூடிக் கிடக்கின்றன. செய்தவர்களில் பாதிப்பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், மீதிப்பேருக்கு நினைவு போய்விட்டது. படம் இருந்தால் பெட்டி பிழைக்கும். இல்லாவிட்டால் பழுது பார்ப்பவர் கண்ணைக் கட்டிக்கொண்டு ஊசி கோர்க்க வேண்டியதுதான்.

ஆகவே இந்தப் படங்களைக் காப்பாற்றுவது நல்ல காரியம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. யாரிடமிருந்து காப்பாற்றுவது என்பதில்தான் தகராறு. தூசி, கரையான், ஈரம், வெயில் என்று இந்த இனத்தார் பகைவர்களின் பட்டியல் ஒன்று வைத்திருப்பார்கள். பட்டியலின் தலையில் இருக்கும் பகைவன் யார் தெரியுமா? படம் வேண்டும் என்று கேட்டு வருகிற மனிதன்.

எங்கள் தெருவில் அவரைக் 'காப்பகம்' என்றுதான் சொல்வோம். ஏதோ ஓர் அலுவலகத்தில் பதிவேட்டுப் பிரிவில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறு வாரமே ஒரு மன்றம் தொடங்கினார். பழைய ஒலிபெருக்கிப் படப் பாதுகாப்பு மன்றம். தலைவர் அவர், செயலாளர் அவர், செயற்குழு அவர். பொது உறுப்பினர் ஒருவர் வேண்டுமே என்று மனைவியின் பெயரை எழுதிக்கொண்டார். மனைவிக்கு அது தெரியாது. மன்றத்தின் சொத்து என்று பார்த்தால் ஓர் இரும்பு பீரோ, ஒரு பதிவேடு, மூன்று ரப்பர் முத்திரை. முதல் முத்திரை 'அசல்' என்று சொல்லும். இரண்டாவது 'மன்றத்தின் உடைமை' என்று சொல்லும். மூன்றாவது 'நகல் எடுக்கக் கூடாது' என்று சொல்லும். மூன்றையும் ஒவ்வொரு படத்தின் நட்ட நடுவில் குத்துவார். படம் அந்த முத்திரைகளுக்குப் பின்னால், கூட்டத்துக்குப் பின்னால் நின்று ஊர்வலம் பார்க்கும் குள்ளமான ஆள்போல, எட்டி எட்டிப் பார்க்கும்.

கிட்டார் வாசிப்பாரா? மாட்டார். கேட்பாரா? தலை வலிக்கும். பெட்டியைத் திறந்து வேலை பார்க்கத் தெரியுமா? திறக்கத் தெரியும். அதுதான் ஆபத்து.

பழைய பெட்டி ஒன்று யார் வீட்டிலாவது இருக்கிறது என்று காதில் விழுந்தால் போதும், மறுநாள் காலை அந்த வீட்டு வாசலில் நிற்பார். "சும்மா பார்க்கத்தான்" என்பார். பார்ப்பதற்குக் கையில் எதற்குத் தண்ணீர்க் குடுவை, பஞ்சு, பட்டையான கத்தி? அந்தக் காலத்துப் பட்டறைக்காரர்கள் பெட்டியின் உள்பக்கத்திலேயே படத்தை ஒட்டி அனுப்புவார்கள். பழுது வந்தால் திறக்கிறவன் கண்ணில் முதலில் அது படட்டும் என்ற நல்ல எண்ணம். காப்பகம் பஞ்சை நனைத்து ஓரத்தில் வைத்து ஊறவிட்டு, கத்தியை உள்ளே கொடுத்து, மெல்ல மெல்ல, நாவிதர் சவரம் செய்கிற நிதானத்தோடு அந்தத் தாளை உரித்து எடுத்துவிடுவார். "இங்கேயே இருந்தா கெட்டுப்போயிடும்" என்பார்.

நாற்பது வருடம் கெடாமல் அங்கேயே இருந்த தாள் அது.

ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, நகல் எடுக்காமல், லேமினேஷன் பிளாஸ்டிக் உறைகள் மட்டும் வாங்கிக்கொண்டார். என்னிடம் லேமினேஷனுக்குக் கொடுத்தால் நான் படத்தைப் பார்த்துவிடுவேன் என்று சொந்தமாகவே ஓர் இயந்திரம் வாங்கியிருந்தார். அக்குளில் ஒரு தாள். வழுவழுவென்று, பழுப்பு நிறத்தில், ஒரு மூலை கிழிந்து இருந்தது. நாள் முழுக்கக் காகிதத்தோடு கிடப்பவளுக்கு அது எப்படிப்பட்ட தாள் என்று கண்டதும் புரிந்துவிட்டது. எனக்கு வாய் சுலபமாகத் திறக்காது. அன்றைக்குத் திறந்தேன்.

"சார், அது சூட்டுல எடுக்கற நகல் மாதிரி இருக்கு. கடையில குடுக்கற பில் தாள் இருக்கே, அந்த ஜாதி. மறுபடி சூடு பட்டா கறுத்துடும். லேமினேஷன் வேண்டாம்."

அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கி, என்னை மேலிருந்து கீழே பார்த்தார்.

"எத்தனாவது வரைக்கும் படிச்சிருக்கே?"

"எட்டு, சார்."

"ம்," என்றார். உறைகளை எண்ணிக்கொண்டு போனார்.

அந்தத் தாளை நான் மறந்துபோனேன். போன வருடம் ஒரு திங்கட்கிழமைதான் அது மறுபடி என் வாழ்க்கைக்குள் வந்தது.

என் கடைக்கும் பக்கத்துக் கடைக்கும் நடுவே ஒரு பிளைவுட் தடுப்புதான். அந்தப் பக்கம் இருப்பவர் வால்வு அண்ணன். பழைய ரேடியோ, பழைய ஆம்ப்ளிஃபயர் என்று வால்வு வைத்த எதையும் பழுது பார்ப்பார். அவர் சாலிடர் வைக்கிற புகை என் பக்கம் வரும், என் இயந்திரத்தின் சூடு அவர் பக்கம் போகும். அன்று காலை ஒரு பெண் ஆட்டோவிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினாள். பல் மருத்துவமனையில் சீட்டுக் கொடுக்கிற பெண், மாலையில் கிட்டார் வாசிப்பவள். கூடவே அவளுடைய சித்தப்பா. பெட்டி அவருடையது. முப்பது வருடம் அதன் முன்னால் நின்று வாசித்த மனிதர். அதனாலேயே ஒரு காது முழுதாகப் போய், மற்றது போய்க்கொண்டிருந்தது.

"டாக்டர் என்ன சொல்றார்னா, இன்னும் ரெண்டு மாசம் கேட்டா பெரிசாம்," என்றாள் அந்தப் பெண், சித்தப்பாவுக்குக் கேட்காத குரலில். "மூணு வாரத்துல எங்களுக்கு முதல் மேடை. இந்தப் பெட்டியில நான் வாசிச்சு அவர் கேக்கணும். வேற பெட்டி வாடகைக்குக் கிடைக்கும் அண்ணா. ஆனா அவருக்கு இந்தச் சத்தம்தான் தெரியும்."

"மெல்லமாப் பேசாதே. எனக்குத் தெரியாததா?" என்றார் சித்தப்பா.

வால்வு அண்ணன் பின்பலகையைக் கழற்றினார். இரண்டு ரெசிஸ்டர் கருகியிருந்தன. அளவைச் சொல்லும் வண்ணக் கோடுகள் போய், இரண்டும் ஒரே கரித்துண்டு.

"இதோட அளவு தெரியணும். தெரியாம எதையாவது போட்டா டிரான்ஸ்பார்மர் எரியும். அது எரிஞ்சா பெட்டியைத் தூக்கிப் பரண்ல வைக்க வேண்டியதுதான். இதைச் சுத்தின ஆளும் இல்ல, பட்டறையும் இல்ல." டார்ச்சை உள்ளே அடித்தார். "படம் ஒட்டியிருக்குமே. இந்தப் பட்டறைக்காரங்க ஒட்டாம அனுப்ப மாட்டாங்களே."

ஒட்டியிருந்த இடம் இருந்தது. காய்ந்த பசையில் நீள்சதுரமாக ஒரு வெளிறல். ஒரு மூலையில் மட்டும் அழுக்கேறிய கிழிசல் ஒன்று, பலகையை விடாமல் பிடித்துக்கொண்டு இருந்தது.

"யாரு பிச்சது?"

"ஒரு சார் வந்தார்," என்றார் சித்தப்பா. "பத்திரமா வச்சிருக்கேன், எப்ப வேணும்னாலும் வந்து கேளுங்கன்னார்."

வால்வு அண்ணன் தடுப்பின் இடுக்கு வழியாக என்னைப் பார்த்தார். நான் நாள்காட்டியைப் பார்த்தேன். மறுநாள் செவ்வாய்.

மறுநாள் வந்தார் காப்பகம். மூன்று பேரும் என் கடையில் காத்திருந்தார்கள். வேண்டியது இரண்டே எண் என்று வால்வு அண்ணன் சொன்னார். தாளைத் தர வேண்டாம், காட்டக்கூட வேண்டாம், பார்த்துச் சொன்னால் போதும். காப்பகம் அந்த மூவரையும் கரையானைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"முறைன்னு ஒண்ணு இருக்கு," என்றார்.

முறை என்பது நான்கு பக்கப் படிவம். அந்தப் படிவத்தை என் கடையில்தான் நகல் எடுத்தார், அதற்கும் என்னைத் திரும்பி நிற்கச் சொன்னார். அந்தப் பெண் அங்கேயே உட்கார்ந்து நிரப்பினாள். ஏழாவது கேள்வி: படத்தைப் பார்வையிட விரும்பும் காரணம். 'பெட்டி ஓடவில்லை' என்று எழுதினாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை படிவம் திரும்பி வந்தது.

"இது காரணம் இல்லம்மா. புகார். காரணம்னா ஆராய்ச்சி, கட்டுரை, கண்காட்சி, இப்படி ஏதாவது இருக்கணும்."

"சார், எனக்கு வாசிக்கணும்."

"அதான் சொல்றேன். வாசிக்கறதுக்கெல்லாம் மன்றம் படம் கொடுக்கறதில்ல. கண்டவங்க கையில போனா அசல் என்ன ஆகும்?"

இந்த இனத்தின் பேச்சை நீங்கள் கவனித்துக் கேட்டதுண்டா? 'கொடுக்க மாட்டேன்' என்று ஒருநாளும் சொல்ல மாட்டார்கள். வெளிச்சம் ஆகாது என்பார்கள். இது ஈரமான மாசம் என்பார்கள். செயற்குழு கூடவில்லை என்பார்கள். அந்தச் செயற்குழு நம் எதிரிலேயே நின்று காது குடைந்துகொண்டிருக்கும். அடுத்த மாதம் பார்க்கலாம் என்பார்கள். அடுத்த மாதம் போனால், போன மாதம் வந்திருக்கலாமே என்பார்கள். எல்லாவற்றுக்கும் முத்தாய்ப்பாக ஒரு வாக்கியம் உண்டு: "கவலையே படாதீங்க, பத்திரமா இருக்கு." யார் கவலைப்பட்டது? பத்திரமாக இல்லை என்று யார் சொன்னது?

மேடைக்குப் பதினோரு நாள் இருந்தது. சித்தப்பா பொறுமை இழந்தார். "அவர் வீட்டுக்கே போவோம். என் தாளை நான் கேக்கறதுக்கு எனக்கென்ன படிவம்?" என்றார். வால்வு அண்ணன் என்னையும் போகச் சொன்னார். "தங்கச்சி, நீ கூடப் போ. அந்த ஆள் தாளை வெளியே விட மாட்டான். கண்ணால பார்த்து அப்படியே வரைஞ்சுட்டு வந்துடு. உனக்குக் கை வரும்." நான் பென்சிலும் அளவுகோலும் எடுத்துக்கொண்டு போனேன்.

கதவைத் திறந்தது அவர் மனைவி. முகத்தில் வியர்வை. வீட்டில் ஒரே ஒரு அறைக்குத்தான் ஏசி, அந்த அறையில் இருப்பது இரும்பு பீரோ. "உள்ள வாங்க. பீரோ பக்கம் போய் உக்காருங்க, குளுகுளுன்னு இருக்கும். நானே காய் நறுக்கறதுக்கு அங்கதான் போய் உக்காருவேன், அவர் இல்லாதப்ப," என்றார்.

காப்பகம் கையுறை மாட்டிக்கொண்டு வந்தார். முகத்துக்கு ஒரு துணி. பீரோவைத் திறக்கவில்லை. பதிவேட்டைத் திறந்தார்.

"முப்பத்தொன்றாம் எண்," என்று படித்தார். "உரித்தெடுத்த நாள், இடம், நீளம், அகலம். எல்லாம் இருக்கு. நிலை: மிக நன்று. பாருங்க, கையெழுத்து போட்டிருக்கேன்."

"பதிவேடு எதுக்கு சார்? படத்தைக் காட்டுங்க," என்றாள் அந்தப் பெண்.

"பதிவேட்டுல இருந்தா படம் இருக்குன்னு அர்த்தம்மா."

அப்போது அவர் மனைவி டீ கொண்டுவந்தார். தட்டை வைத்துக்கொண்டே, கெட்ட எண்ணம் துளியும் இல்லாமல், "முப்பத்தொண்ணா? அந்தக் கறுப்புத் தாள்தானே?" என்றார்.

பதிவேடு படக்கென்று மூடியது.

"நீ உள்ள போ," என்றார் காப்பகம்.

"நான் போறேன். அன்னைக்கு அந்த மிஷின்ல விட்டுட்டு ரெண்டு நாள் சாப்பிடாம இருந்தீங்களே, அதுதானேன்னு கேட்டேன்."

நான் பென்சிலைப் பைக்குள் வைத்தேன். அவர் என் பக்கம் பார்க்கவில்லை.

"என்ன சொல்றாங்க?" என்றார் சித்தப்பா.

காப்பகம் முகத்துணியை இறக்கினார். "கொஞ்சம் நிறம் மாறியிருக்கு," என்றார், மிகவும் மெல்ல.

"காதுல விழல. இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க. இதுதான் கொஞ்சம் நல்ல காது."

"நிறம் மாறியிருக்கு சார்."

"உதடு மட்டும் அசையுது. சத்தமே வரலியே. கொஞ்சம் உரக்கச் சொல்லுங்க, தப்பில்ல."

ஆறு வருடமாக மனைவியைத் தவிர ஒருவருக்கும் தெரியாமல் பீரோவுக்குள் பூட்டி வைத்த செய்தியை ஒரு மனிதர் எவ்வளவு மெல்லச் சொல்ல விரும்புவார் என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள். அதை ஒரு காது போனவரிடம் சொல்ல வேண்டிவந்தது. மூன்றாம் தரம் சொன்னார். நான்காம் தரம் சொன்னார். ஐந்தாவது தரம் எழுந்து நின்று, கையுறை போட்ட கைகளை வாயருகே குவித்துக்கொண்டு கத்தினார்:

"கறுத்துப் போச்சு! லேமினேஷன்ல விட்டேன், கறுத்துப் போச்சு!"

பக்கத்து வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது.

வேறு வழியில்லாமல் பீரோவைத் திறந்தார். அட்டைப் பெட்டிக்குள் உறை, உறைக்குள் துணி, துணிக்குள் ஒரு மெல்லிய காகிதம், அதற்குள் அது. பளபளவென்ற பிளாஸ்டிக்குக்குள் ஒரு கறுப்புப் பலகைபோல இருந்தது. கோடில்லை, எண்ணில்லை, எழுத்தில்லை. ஈரம் புக முடியாது, தூசி ஏற முடியாது, கரையானுக்குப் பல் போகும். இன்னும் இருநூறு வருடம் இப்படியே கறுப்பாக இருக்கும். பிளாஸ்டிக்கின்மேல் வெள்ளை மையில் முத்திரை: அசல். அதற்குக் கீழே: நகல் எடுக்கக் கூடாது. குனிந்து பார்த்தேன். அதில் அவர் முகம் தெரிந்தது.

"அப்ப ஆறு வருஷமா எதைப் பூட்டி வச்சிருந்தீங்க?" என்றார் சித்தப்பா.

காப்பகத்துக்கு அந்தக் கேள்வியில் என்ன கஷ்டம் என்றே புரியவில்லை. நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வெட்கம் வந்தது, வந்த வழியே போனது. முதுகு மறுபடி நிமிர்ந்தது.

"அசலை," என்றார். "படிக்க முடியாட்டா என்ன சார்? அசல்ங்கறது படிக்கறதுக்கா? தாள் அதே தாள். ஒரு மில்லிமீட்டர் குறையல. ஒரு மூலைதான் பெட்டியிலேயே ஒட்டிக்கிச்சு, எவ்வளவு சுரண்டியும் வரல. அது ஒண்ணுதான் எனக்கு வருத்தம்."

சித்தப்பா டீயைக் குடித்து முடித்தார். அந்தப் பெண் குடிக்கவில்லை. வெளியே வந்ததும் அவள் அழுதாள். சித்தப்பா அவள் தோளில் தட்டி, "வாடகைப் பெட்டியிலயே வாசி. சத்தம் எல்லாம் ஒண்ணுதான்," என்றார். ஒன்றில்லை என்று அவருக்கும் தெரியும்.

எனக்கு அந்த மூலையின் நினைவு வந்தது அப்போதுதான்.

கடைக்குத் திரும்பி, வால்வு அண்ணனிடம் சொன்னேன். "அண்ணே, அந்த ஆளுக்கு உரிக்க வராம நின்னுபோன மூலை ஒண்ணு இருக்கே. அதைப் பார்த்தீங்களா?" அவர் அதை அழுக்கு என்றே விட்டுவைத்திருந்தார். நான் பஞ்சைப் பச்சைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, ஒற்றி ஒற்றி எடுத்தேன். தேய்க்கவில்லை. ஒரு மணி நேரத்தில் பழுப்புத் தாளில் ஒரு கோடு தெரிந்தது. கோட்டின் நடுவே ரெசிஸ்டரைக் குறிக்கும் ஒரு வளைசல், அதன் அருகே பட்டறைக்காரரின் கையெழுத்தில் நான்கு புள்ளி ஏழு கிலோ ஓம். பத்திரப்படுத்துவோர் கைக்கு வராமல் தப்பித்த அந்த ஒரு மூலையில்தான் கருகிய இரண்டில் ஒன்றின் அளவு இருந்தது.

"ஒண்ணு கிடைச்சா மத்ததை நான் பிடிச்சுடுவேன்," என்றார் வால்வு அண்ணன். மின்சாரம் ஒரேயடியாகப் பாய்ந்துவிடாமல் வழியில் ஒரு குண்டு பல்பைக் கட்டினார். கருகிய மற்ற இடத்தில் தேவைக்கு மேல் பெரிய ரெசிஸ்டரில் ஆரம்பித்து, ஒவ்வொன்றாகக் குறைத்துப் போட்டு, ஒவ்வொரு தரமும் மீட்டரைப் பார்த்து, பல்பைப் பார்த்து, வால்வின் நிறத்தைப் பார்த்து, மூன்று நாள் கீழே இறங்கி வந்தார். நாலாவது நாள் காலை, சரியான அளவு விழுந்ததற்கு அடையாளமாகப் பல்பு மங்கலாகி அப்படியே நின்றது. வால்வுகள் இதமாக எரிந்தன. பெட்டி தொண்டையைச் செருமிக்கொண்டது.

"தங்கச்சி, இப்பவே வரைஞ்சுடு," என்றார். "இன்னொருத்தன் இந்தப் பாடு பட வேண்டாம்."

அவர் ஒவ்வொரு கம்பியாக விரலால் தொடர்ந்து போய்ச் சொன்னார், நான் வரைந்தேன், அந்தப் பெண் பெட்டிக்குள் டார்ச் அடித்துச் சரிபார்த்தாள். நான்கு இரவுகள் ஆயின. எதில் வரைந்தேன் தெரியுமா? திருப்பி அனுப்பப்பட்ட அந்தப் படிவத்தின் பின்பக்கங்களில். நான்கும் வெற்றுப் பக்கங்கள், நல்ல கனமான தாள். மன்றத்தால் இந்த உலகத்துக்குக் கிடைத்த ஒரே பயன் அதுதான். நான்கையும் இணைத்து ஒற்றைத் தாளாக்கி நகல் எடுத்தேன், ஒன்றைப் பெட்டிக்குள் பழைய பசைத் தடத்திலேயே ஒட்டினேன்.

சனிக்கிழமை மாலை மேடை. சித்தப்பா முன்வரிசையில், நல்ல காது பெட்டியைப் பார்க்கும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அந்தப் பெண் வாசித்தாள். முதல் பாட்டு முடிந்து எல்லோரும் கை தட்டும்போது, சித்தப்பா மட்டும் தட்டாமல் கையை உயர்த்தி, "இன்னும் கொஞ்சம் கூட்டு," என்றார். கூட்டினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அதற்குமேல் அவரைப் பார்ப்பது சரியில்லை என்று நான் திரும்பிக்கொண்டேன். அன்று ஒருவரும் சொல்லாமலே திரும்பினேன்.

எல்லாம் முடிந்து பெட்டியை இறக்கும்போது, காதில் பஞ்சோடு ஓர் உருவம் மேடைக்குப் பின்னால் குனிந்து நின்றது. காப்பகம்தான். பெட்டியின் பின்பக்கத்தில் தலையை விட்டுப் புதுத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் ஈரம்கூட இருந்தது.

"இது இங்கேயே இருந்தா கெட்டுப்போயிடும்," என்றார்.

"கெட்டுப்போகட்டும் சார்," என்றார் வால்வு அண்ணன். "தங்கச்சி கடையில நாப்பது இருக்கு."

காப்பகத்தின் முகம் வெளுத்தது. "நாப்பதா?" என்றார். காதிலிருந்து பஞ்சை எடுத்துவிட்டு மறுபடி கேட்டார். "நாப்பதா? ஐயோ, அப்போ இதுக்கு மதிப்பே இல்லாமப் போச்சே!"

சிரித்துவிட்டீர்கள், நல்லது. அப்படியே எழுந்துபோய் உங்கள் அலமாரியைத் திறந்து பாருங்கள். விருந்தாளி வந்தால் எடுக்கலாம் என்று விருந்தாளிக்கும் எடுக்காமல் வைத்த கோப்பைகள் எத்தனை? கறை படும் என்று பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் போட்ட நாற்காலியில் ஒட்டி ஒட்டி உட்காருவது யார்? அண்ணன் மகள் கேட்டாளே, அவள் அம்மாவின் கல்யாணப் புகைப்படம், 'பத்திரமா இருக்கு, தேடி எடுத்துத் தரேன்' என்றீர்களே, அது எத்தனை வருடத்துக்கு முன்னால்? கடைசியாக அதைத் திறந்து பார்த்தது எப்போது? அது என்ன நிறத்தில் இருக்கிறது என்று உங்களால் சத்தமாகச் சொல்ல முடியுமா? உங்களைப் பற்றிச் சொல்லவில்லை, நீங்கள் அப்படி இல்லை. அவரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

டாக்டர் சொன்ன கெடுவைத் தாண்டியும் கேட்டுக்கொண்டிருந்த சித்தப்பாவின் இரண்டாவது காதும் போன மாதம் முழுதாக அடங்கிவிட்டது. பெட்டி ஓடுகிறது, அந்தப் பெண் வாசிக்கிறாள், அவர் பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்காருகிறார். படத்தின் நகல்கள் என் கடை ஆணியில் தொங்குகின்றன, வேண்டியவர்கள் உருவிக்கொண்டு போகலாம். காப்பகம் இன்னும் செவ்வாய்க்கிழமை வருகிறார், தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு "கொஞ்சம் அந்தப் பக்கம்" என்கிறார். நான் திரும்புவதில்லை.